மரைக்காயரின் கணக்கு

ஜமாதுல் ஆகிர் தலைப்பிறை தெரிந்துவிட்டால் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் கொடி ஏறும். பெரிய பள்ளியிலிருந்து ரபான் கொட்டிக்கொண்டு ஊர்வலம் வரும். பிறகு பன்னிரண்டு நாளைக்கு மௌலூது, பக்கீர் பாவாமாரின் ராத்திப், மணலில் வளையல் கடை, பூந்திக் கடை. கடைசியில் கந்தூரி. நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வுக்கு இங்கே உடல் அடங்கிய கபுறு கிடையாது. நோயால் வாடி ஊரைவிட்டு ஒதுங்கியிருந்த ஒருவரின் கனவில் வந்தார், கடலோரத்தில் இடம் காட்டினார் என்பது எங்கள் பக்கத்துக் கதை. ஓட்டை விழுந்த கப்பலை எங்கோ இருந்தபடியே கண்ணாடியை வீசி அடைத்தவர் அவர் என்பது கடலோடிகள் சொல்லும் கதை. கப்பல் போன இடமெல்லாம் அவருக்கு நினைவிடம் எழும்பியது. சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா இன்னும் நிற்கிறது. எங்கள் கொடியின் வயதும் இருநூறு ஆகிவிட்டது என்று ஊரில் எண்ணி வைத்திருக்கிறார்கள்.

படம் பிடிக்க வருகிறவர்கள் கொடியைப் பிடிப்பார்கள், கிடாரத்தைப் பிடிப்பார்கள், கன்னத்தில் ஊசி குத்திக்கொள்ளும் பாவாவை நிச்சயம் பிடிப்பார்கள். சோறு இறக்கிய பிறகு நடக்கும் காரியத்தை யாரும் பிடிப்பதில்லை. அதில் பார்க்க ஒன்றுமில்லைதான். கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பெயர் வாசிப்பார், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பங்கு போகும், அவ்வளவுதான். சாய்ந்தமருதில் எங்கள் மஹல்லாப் பள்ளிக் கந்தூரியில் அந்தக் கொப்பியை வைத்திருந்தவர் என் மாமா, உம்மாவின் மூத்த காக்கா. எழுத்துக் கொஞ்சம் அழகாக இருந்த காரணத்தால், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அதைப் பிரதி எடுக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. மாமா எங்கள் குடிக்கு மரைக்காயர்.

குடி என்றால் என்னவென்று அக்கரைப்பற்றிலோ நிந்தவூரிலோ யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கொழும்பிலும் கண்டியிலும் இருக்கிற எங்கள் ஆட்களுக்கே விளக்க வேண்டியிருக்கிறது. கிழக்குக் கரையில் பிள்ளை தாயின் குடியைச் சேரும். என் வாப்பாவுக்கு ஒரு குடி, எனக்கும் உம்மாவுக்கும் வேறு குடி, என் பிள்ளைகளுக்கு அவர்களுடைய உம்மாவின் குடி. ஒரே குடிக்குள் கல்யாணம் முடிப்பதில்லை. பொன்னாச்சி குடி, ராசாம்பிள்ளை குடி என்று பல பெயர்கள் உண்டு. சில பெயர்கள் பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் அப்படியே இருக்கும். குடிக்கொரு மரைக்காயர். எல்லா மரைக்காயரும் கூடினால் பள்ளியின் சபை. அதனால் அந்தப் பதவி வாப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது, மாமாவிடமிருந்து மருமகனுக்கு வரும். வாப்பா எனக்குச் சைக்கிள் வாங்கித் தந்தார். ஊரில் நான் யார் என்பதைத் தந்தது மாமாதான்.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முக்குவர் கதையைச் சொல்வார்கள். திமிலரோடு நடந்த சண்டையில் முக்குவருக்குத் துணை நின்ற முஸ்லிம்கள் பரிசாகப் பொன்னும் காணியும் கேட்காமல் பெண் கேட்டார்களாம். பெண்ணோடு அவளுடைய குடியும் வந்துவிட்டது. கதையாகவே இருக்கட்டும், ஒழுங்கு ஒன்றுதான் என்பது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. தமிழர் கோவிலில் வண்ணக்கர் இருக்கிறார், எங்கள் பள்ளியில் மரைக்காயர் இருக்கிறார். அங்கே திருவிழாவில் குடிக்கொரு நாள், இங்கே கந்தூரியில் குடிக்கொரு பங்கு. எழுத்தில் கிடைக்கும் செய்தி வேறொன்று. போர்த்துக்கீசர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட கரைகளிலிருந்து துரத்திய முஸ்லிம்களில் 4,000 பேரை 1626இல் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று போர்த்துக்கீசப் பாதிரியார் குவெய்ரோஸ் எழுதி வைத்திருக்கிறார். கையில் ஒன்றுமில்லாமல் வந்த அத்தனை பேரும் இந்த மண்ணில் யாருடைய உறவு என்ற கேள்விக்குப் பதில் வேண்டியிருந்திருக்கும். குடி அந்தப் பதிலாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மாமாவின் கொப்பிக்கு வருகிறேன். அதில் இரண்டு பக்கம். இடது பக்கத்தில் குடியிலுள்ள வீடுகள் பொம்பளைகளின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். வீடு சீதனமாக அவர்களுக்கு வந்தது, ஆம்பிளை கல்யாணம் முடித்து அங்கே போயிருப்பவன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த வீடு கந்தூரிக்குத் தந்தது: இத்தனை மரைக்கால் நெல், இத்தனை தேங்காய், இத்தனை ரூபா. வலது பக்கத்தில் அதே பெயர்கள், திரும்பிப் போன பங்கு. நிறைய வயல் வைத்திருக்கும் ஒரு போடியார் வீட்டிலிருந்து அரை மூட்டை அரிசி வந்திருக்கும், அவர்களுக்குப் போனது ஒரு பங்கு. மீன் கூடை சுமக்கிறவரின் வீட்டிலிருந்து வந்தது ஒரு தேங்காய், அங்கேயும் ஒரு பங்கு. இடது பக்கத்தில் ஒன்றுமே எழுதாத வரிகளும் உண்டு. வலது பக்கத்தில் வெறும் வரி கிடையாது.

ஒருமுறை சின்னப்புள்ளைப் புத்தியில் கேட்டேன், ஒன்றும் தராத வீட்டுக்கு எதற்கு என்று. மாமா கொப்பியை மூடினார்.

"அது பிச்சையில்ல மனே, பங்கு. பங்கக் குடுக்காம விட்டா நாமதான் கடங்காரன்."

எங்கள் ஊர்களின் தர்மம் பற்றி எழுதச் சொன்னால் என்னால் இதைத்தான் எழுத முடிகிறது. கொடுப்பவர் மனம் இரங்கிக் கொடுத்த இடம் இல்லை இது. இரக்கம் வருவதும் போவதும் மனதைப் பொறுத்தது. கொப்பியில் பெயர் இருந்தால், மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போக வேண்டியது போகும். வாங்குகிறவரும் தலையைக் குனிய வேண்டியதில்லை. குனியாமல் வாங்கியதோடு நிற்காமல், "போன வருசம் இறச்சி கூட இருந்திச்சே" என்று முறையிட்ட மூத்தம்மாமாரை நான் பார்த்திருக்கிறேன். பிச்சை வாங்குகிறவர் அப்படிக் கேட்கமாட்டார்.

கந்தூரி வருடத்தில் சில நாள்தான். மற்ற நாட்களின் வேலை வேறு. மையித்து விழுந்தால் முதலில் ஆள் போவது மரைக்காயரிடம். பள்ளியிலிருந்து மையித்தைச் சுமக்கும் சந்தூக்கு வரும், மோதினார் அறிவிப்பார், கபுறு வெட்ட மண்வெட்டியோடு நாலு பேர் கிளம்புவார்கள், கபன் துணி வாங்கப் பணம் இல்லாத வீடாக இருந்தால் அது வீட்டாருக்குத் தெரியாமலே வாங்கப்பட்டிருக்கும். மூன்று நாளைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது. எந்த வேளைச் சோறு எந்த வீட்டிலிருந்து என்பதைக் குடிக்குள் பேசி முடித்திருப்பார்கள். கல்யாணச் சீதனத்துக்கு வீடு கட்ட முடியாத தகப்பனுக்கும் இப்படித்தான். மரைக்காயர் அந்திக்குப் பிறகு நடந்துபோய், இன்னாரிடம் ஓடு, இன்னாரிடம் மரம், இன்னாரிடம் மேசன் கூலி என்று பிரித்துச் சொல்லிவிட்டு வருவார். மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் விளக்கைக் குறைத்துவிடும் வீடுகளும் இருந்தன என்பதை உம்மா சிரித்துக்கொண்டு சொல்வார்.

வீட்டுக்குள் பொம்பளைகள் நடத்தியது பிடியரிசி. உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்து ஒரு முட்டியில் போட்டுவிட வேண்டும். முட்டி நிறைந்தால் அது யாருக்குப் போகிறது என்று ஆம்பிளைகள் கேட்பதில்லை, கேட்டாலும் சொல்லமாட்டார்கள். இந்தக் கணக்கு மாமாவின் கொப்பியில் ஏறவே இல்லை. ஊரில் பசியை உண்மையில் பார்த்துக்கொண்டது அந்த முட்டிதான் என்று இப்போது நினைக்கிறேன்.

பெரிய தர்மம் களத்தில் நடந்தது. சூடு போட்டு, மாடு மிதித்து, தூற்றி, நெல் குவிந்ததும் ஸக்காத்தைப் பிரித்து வைத்துவிட்டுத்தான் மற்றதை வண்டியில் ஏற்றுவார்கள். மழையை நம்பி விளைந்ததில் பத்திலொன்று, சொந்தச் செலவில் நீர் இறைத்து விளைவித்ததில் இருபதிலொன்று என்பது சட்டம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் சேனாநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கி, சம்மாந்துறை வட்டைகள் பலவற்றுக்கு வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவந்தது. வானம் பார்த்த வயலில் இரண்டு போகம் விளைந்தது. உடனே ஒரு வாதமும் விளைந்தது: வாய்க்கால் தண்ணீர் எந்தக் கணக்கு? தானாகப் பாய்கிறது, ஆகவே பத்திலொன்று என்றார் ஆலிம். வரி கட்டுகிறோம், உரம் போடுகிறோம், ஆகவே இருபதிலொன்று என்றார் போடியார். இந்த விவாதம் தேநீர்க்கடையில் நடக்கும்போது கிதாபு தெரியாதவர்கள்தான் அதிகம் கிதாபு பேசினார்கள். களத்தின் ஓரத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. பிறகு உழவு இயந்திரம் வந்தது, வெட்டும் இயந்திரம் வந்தது, நெல் வயலிலேயே விலைபோய் லொறியில் ஏறியது. களம் இல்லாமல் போனதும் களத்து ஸக்காத்து ஒரு கவரில் போட்ட காசாகிவிட்டது.

இந்த ஒழுங்கைப் பொற்காலம் என்று பாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொப்பியில் பெயர் இருந்தால் எல்லாம் உண்டு, இல்லாவிட்டால்? வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவருக்கும், நாவிதரான ஒஸ்தா வீட்டாருக்கும், பாவாமாருக்கும் பங்கு கடைசியாகத்தான் போகும், மிஞ்சியதிலிருந்து. எந்தக் குடியின் பெயர் முதலில் வாசிக்கப்பட வேண்டும் என்பதற்காகச் சட்டையைப் பிடித்தவர்கள் உண்டு. சோறு ஆறிக்கொண்டிருக்கும், பெரிய மனிதர்கள் மரியாதைக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். ஊர்க்கட்டுப்பாட்டை மீறியவர் வீட்டு மையித்துக்குச் சந்தூக்கு தர இழுத்தடித்ததும் இதே சபைதான். கொடுக்கும் கைக்குத் தடுக்கும் வலுவும் இருந்தது.

1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டம் வந்த பிறகு பள்ளிகள் பதிவாகின. நம்பிக்கையாளர் சபை, கணக்கறிக்கை, கொழும்பில் வக்பு சபை என்று ஓர் அடுக்கு மேலே ஏறியது. எங்கள் பக்கத்தில் பல ஊர்கள் அதற்கு ஓர் எளிய வழி கண்டுபிடித்தன. மரைக்காயர்களே நம்பிக்கையாளர் ஆனார்கள், அல்லது அவர்கள் கை காட்டியவர்கள் ஆனார்கள். தாளில் சட்டம், தரையில் குடி. அந்த வலு இன்னும் தீரவில்லை என்பதை 2018 உள்ளூராட்சித் தேர்தலில் நாடே பார்த்தது. சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டும் என்று பள்ளிவாசல் தலைமையில் ஊர் தோடம்பழச் சின்னத்தில் சுயேச்சையாக இறங்கி, பெரிய கட்சிகளைத் தள்ளிவிட்டுக் கல்முனை மாநகர சபைக்குள் போனது. எனக்கு அதில் பெருமையும் இருந்தது, கூச்சமும் இருந்தது. பங்கு பிரிக்க அமைந்த சபை வாக்குப் பிரிக்கப் போனால், மாற்றி வாக்களித்தவனின் வீட்டு மையித்து என்ன ஆகும் என்ற கேள்வி எழத்தானே செய்யும்.

கந்தூரிக்கே எதிர்ப்பு வந்தது வேறு கதை. மதீனாவிலும் இந்தியாவிலும் ஓதிவிட்டு வந்த இளைஞர்கள், இது மார்க்கத்தில் இல்லாத புதுமை, வலியின் பெயரால் சோறாக்குவது கூடாது என்றார்கள். பல ஊர்களில் கொடி இறங்கியது, மௌலூது நின்றது. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் கந்தூரியை நிறுத்திய இடங்களில் கொப்பியும் நின்றுபோனதை அவர்கள் கவனிக்கவில்லை. பிறகு அவர்களே பைத்துல்மால் என்று பொதுநிதி தொடங்கி, விண்ணப்பப் படிவம் அடித்து, வறுமையை நிரூபிக்க மூன்று பேர் கையெழுத்துக் கேட்டார்கள். மாமாவின் கொப்பியில் யாரும் எதையும் நிரூபிக்கவில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கடல் அம்பாறைக் கரையில் எடுத்ததைப் போல இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் எடுக்கவில்லை, பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை கரையோரத்தில் வீடென்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. கடற்கரைப் பள்ளி அடிபட்டு நின்றது, சுற்றியிருந்தவை போயின. குளிப்பாட்டவும் கபன் இடவும் நேரமில்லாமல், நீளமாகக் குழி வெட்டி வரிசையாக அடக்கினோம். இரவு பள்ளியில் உட்கார்ந்து, வந்தவர் யார், வராதவர் யார் என்று பார்க்க வேண்டியிருந்தது. அரசாங்கத்தின் வாக்காளர் இடாப்பு கச்சேரியில் இருந்தது. எங்களிடம் இருந்தது மரைக்காயர்மாரின் ஞாபகம். ஒவ்வொருவரும் தன் குடி வீடுகளை வாயால் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பிள்ளைகள் உட்பட, மருமக்கள் உட்பட, நேற்றுக் கல்யாணம் முடித்து வந்த மாப்பிள்ளை உட்பட. முதல் சில நாள் சோறும் பாயும் அந்தத் தாளை வைத்தே பகிரப்பட்டன.

பிறகு உலகம் உதவியோடு வந்தது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றது அரசாங்கம். அவ்வளவுக்குள்தான் எங்கள் ஊரில் பாதி இருந்தது; ஒடுக்கமான ஊர், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். தூரத்தில் புது வீடு தந்தபோது படிவத்தில் குடும்பத் தலைவர் என்று ஓர் இடம் இருந்தது. அங்கே புருசனின் பெயர் ஏறியது. உம்மாவிடமிருந்து மகளுக்கென்று தலைமுறை தலைமுறையாக வந்த வீடு, ஒரு பேனாக் கீறலில் மாப்பிள்ளைக்குப் போனது. அதிகாரிகள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எங்கள் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது, தெரிந்த எங்கள் ஆம்பிளைகள் வாய் திறக்கவுமில்லை. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதிப் பணத்தில் 500 வீடுகள் எழும்பின. யாருக்கு எந்த விகிதத்தில் என்று இனக்கணக்கு எழுந்து வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. பத்து வருடத்துக்கு மேல் அந்த வீடுகள் ஆளில்லாமல் கிடந்து பற்றை மண்டியது. பணமும் சிமெந்தும் இருந்தும் பங்கு பிரிக்க நம்பிக்கையான கொப்பி ஒன்று இல்லை.

அதற்குப் பிறகு இந்த ஒழுங்கு அடிவாங்கியது 2020இல். கொரோனாவில் மௌத்தானவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்றது அரசாங்கம். சந்தூக்கு பள்ளியிலேயே கிடந்தது. எங்கள் மஹல்லாவில் ஒரு குடும்பம் சாம்பலை வாங்க மறுத்துவிட்டது. 2021 பெப்ரவரியில் அனுமதி கிடைத்து, மார்ச்சில் அடக்கம் தொடங்கியபோது கொடுத்த இடம் ஓட்டமாவடி மஜ்மா நகர். ஓட்டமாவடி எங்களுக்குப் பக்கத்து ஊரல்ல, ஆனால் அங்குள்ள இளைஞர்கள் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த 3,000க்கும் மேற்பட்ட மையித்துகளை, முகம் தெரியாமல், எந்தக் குடி என்று கேளாமல் அடக்கினார்கள். முஸ்லிம் அல்லாதவர்களும் அங்கே இருக்கிறார்கள். கொப்பிக்கு வெளியே இருந்தவருக்கு எங்கள் மரைக்காயர் சபை எப்போதும் கடைசியில் தந்ததை, அவர்கள் முதலில் தந்தார்கள்.

இப்போது கணக்கு வட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. கட்டாரிலிருந்து மருமகன்மார் பணம் அனுப்புகிறார்கள், அனுப்பியவரின் பெயர் உடனே விழுகிறது, கீழே பத்துப் பேர் துஆ எழுதுகிறார்கள். வாங்குகிறவர் பொதியோடு நிற்கும் படத்தையும் போடத் தொடங்கினார்கள். நான் சண்டை பிடித்து அதை நிறுத்தினேன். ஜனாஸா நலன்புரிச் சங்கம் மாதச் சந்தா எடுக்கிறது, குளிர்பெட்டி வாங்கியிருக்கிறது, வேலை சுத்தமாக நடக்கிறது. மாமா மௌத்தாகி நாளாயிற்று. கொப்பி என்னிடம் இருக்கிறது. கரையான் தின்றது போக மிச்சம்.

என் ராத்தாவின் மகள் வங்கியில் வேலை செய்கிறாள். போன நோன்பில் வந்து கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள். "மாமா, இடப்பக்கம் முழுக்கப் பொம்பளைப் பேர்தானே இரிக்கி. குடியும் எங்களாலதான் வாறது. அப்ப மரைக்காயர் மட்டும் ஏன் ஆம்பிளை?" என்றாள். என் மாமாவின் காலத்தில் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், அதை அவளிடம் சொல்லவில்லை. சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது இதைக் கேட்கப் போவதாகச் சொல்கிறாள். வீட்டு வரிசை முழுவதையும் உம்மாமாரின் பெயரில் ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்துக்கொண்டிருக்கிறேன், கண் முன்போல் இல்லை, எழுத்து கொஞ்சம் கோணுகிறது.